சிம் ரேஸில் மோதலா? யார்மேல் தவறு என்று தீர்ப்பது இப்படித்தான்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி என்று நாலு ஊரிலிருந்து பதினாறு பேர் சேர்ந்து சனிக்கிழமை இரவுகளில் சிம் ரேஸ், அதாவது இணையம் வழியாகக் கணினியில் கார் பந்தயம், ஓட்டுகிறோம். ஓட்டம் முக்கால் மணி நேரம்தான். அதில் நடந்த மோதலைப் பற்றிய சண்டை புதன்கிழமை வரைக்கும் வாட்ஸ்அப்பில் ஓடும். இரண்டு சீசனாக நடுவர் வேலை என்னிடம் இருக்கிறது. முதல் சீசனில் ஒரு தம்பிக்கு அநியாயமாகத் தண்டனை கொடுத்துவிட்டேன். அது திரும்ப நடக்கக் கூடாது என்று நானாக வகுத்துக்கொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். சர்வர் போடுவது, ரீப்ளே (ஓட்டத்தின் பதிவு) சேமிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஓட்டம் முடிந்த இரவே எதையும் தீர்க்காதீர்கள்

புகார் ஞாயிறு இரவு 9 மணிக்குள் வர வேண்டும். எத்தனையாவது லேப் (சுற்று), எந்த வளைவு, எந்தெந்தக் கார் என்ற மூன்றும் போதும். "அவன் எப்பவுமே இப்படித்தான்" என்று எழுதி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். பழைய கதை இந்த மோதலுக்குச் சாட்சி ஆகாது.

படி 2: இரண்டு பேருடைய ரீப்ளேயும் வேண்டும்

நான் சறுக்கிய இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இத்தாலியின் மோன்ஸா தடத்தில் முதல் வளைவு. நேர்கோட்டில் முழு வேகத்தில் வந்து சட்டென்று பிரேக் பிடிக்க வேண்டிய இடம். முன்னால் போன கார் பின்புறம் இடிபட்டுச் சுழன்றது. புகார் கொடுத்தவர் அனுப்பிய ரீப்ளேயில் பின்னால் வந்த கார் பிரேக்கே பிடிக்காமல் மோதுவதுபோலத் தெளிவாகத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதினேன்: அடுத்த ஓட்டத்தில் டிரைவ்-த்ரூ, அதாவது ஓட்டத்தின் நடுவே பிட் பாதை (கார்கள் நின்று போகும் ஓரப்பாதை) வழியாக மெதுவாகப் போய் வரும் தண்டனை. அந்தத் தம்பி "அண்ணே, என் ரீப்ளேயையும் ஒரு தடவை பாருங்க" என்று கேட்டபோது நான் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். அவர் திரையில் அவர் வழக்கமான இடத்தில்தான் பிரேக் பிடித்திருக்கிறார். முன்னால் போனவர் மற்ற லேப்களைவிட வெகு முன்னதாகவே பிடித்துவிட்டார். தண்டனையை ரத்து செய்தேன், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்த ஓட்டம் போனது போனதுதான்.

ஏன் இப்படி ஆகிறது? இணையம் வழியாக ஓட்டும்போது உங்கள் கார் உங்கள் கணினியில் இருக்கிறது. அடுத்தவர் கார் எங்கே இருக்கும் என்பதை, தாமதமாக வரும் தகவலை வைத்து உங்கள் கணினி கணித்து வரைகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 50 மீட்டர். நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் வந்தாலே 5 மீட்டர் வித்தியாசம். நாங்கள் ஓட்டுவதுபோன்ற ஒரு ஜிடி3 (பந்தயத்துக்கென மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார்) கிட்டத்தட்ட அவ்வளவு நீளம்தான் இருக்கும். ஒருவர் திரையில் முட்டியது, இன்னொருவர் திரையில் ஒரு கார் இடைவெளி விட்டே போயிருக்கலாம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே என் விதி: ஒவ்வொரு ஓட்டுநரையும் அவர் திரையில் அவருக்குத் தெரிந்ததை வைத்தே எடைபோட வேண்டும். பார்ப்பதற்கு வி.எல்.சி. என்ற வீடியோ மென்பொருள் போதும். ஆங்கில 'இ' (E) விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். மெதுவாக ஓடும் வீடியோவை நான் நம்புவதில்லை. மெதுவாகப் பார்த்தால் எல்லாமே வேண்டுமென்றே செய்ததுபோலத் தெரியும். முதலில் முழு வேகத்தில் இரண்டு தடவை, பிறகு ஃபிரேம் ஃபிரேமாக. பிரேக் பிடித்த இடத்தில் சந்தேகம் இருந்தால் மோடெக் (காரின் வேகம், பிரேக் பதிவுகளைக் காட்டும் மென்பொருள்) வரைபடத்தில் முந்தைய மூன்று லேப்களோடு ஒப்பிடுங்கள்.

படி 3: மோதலைப் பார்க்கும் முன் 'யார் முறை' என்று பாருங்கள்

எங்கள் பக்கம் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் காலத்தில் வாய்க்காலில் தகராறு வரும். பெரியவர்கள் முதலில் கேட்பது யார் யாரை அடித்தார்கள் என்று அல்ல. இப்போது யார் முறை என்றுதான். அது தெரிந்தால் பாதி வழக்கு முடிந்தது. வளைவுக்கும் அதே கேள்விதான்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. தன் நடுவர்களுக்கான வழிகாட்டுதலை 2025-இல் வெளியிட்டது. பார்முலா 1-க்கான அந்த அளவுகோலையே நாங்களும் வைத்துக்கொண்டோம். உள்பக்கமாக முந்துபவரின் முன் அச்சு (முன் சக்கரங்கள் இருக்கும் கோடு), ஏபெக்ஸுக்கு (வளைவின் உள்விளிம்பைக் கார் தொடும் புள்ளி) முன்பும் ஏபெக்ஸிலும், அடுத்த காரின் பக்கக் கண்ணாடிக்கு இணையாகவாவது இருக்க வேண்டும். வெளிப்பக்கமாக முந்துவதென்றால் முன் அச்சு ஏபெக்ஸில் அடுத்தவர் முன் அச்சைத் தாண்டியிருக்க வேண்டும். இரண்டிலும் கார் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், தடத்துக்குள்ளேயே வளைவை முடிக்க முடிய வேண்டும். கடைசி நேரத்தில் மூக்கை மட்டும் நுழைத்துவிட்டு "நான் பக்கத்தில்தான் இருந்தேன்" என்றால் செல்லாது.

ஏபெக்ஸ் ஃபிரேமில் வீடியோவை நிறுத்துங்கள். முறை யாருக்கு என்று காகிதத்தில் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் மோதலைப் பார்க்க வேண்டும்.

ஒரு லேப் பின்தங்கிய காரை முந்தும்போது தனிக் கவனம் வேண்டும். 2012 மலேசிய பார்முலா 1 ஓட்டத்தில், பின்தங்கியிருந்த நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனை செபாஸ்டியன் வெட்டல் முந்தும்போது இருவரும் உரசினார்கள். வெட்டலின் பின் டயர் கிழிந்து புள்ளி இல்லாமல் 11-ஆவதாக முடித்தார். கார்த்திகேயனுக்கு 20 நொடி தண்டனை. அதே ஓட்டத்தில் கார்த்திகேயன்மேல் மோதிய ஜென்சன் பட்டன் தவறு தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டார். நீலக்கொடி (முந்த வரும் காருக்கு வழிவிடச் சொல்லும் சைகை) காட்டினால் வழிவிட வேண்டும், உண்மை. ஆனால் முந்துகிறவரும் முழுதாகத் தாண்டும் வரை இடம் விட வேண்டும்; வெட்டல் கொஞ்சம் சீக்கிரமே கோட்டுக்குத் திரும்பினார் என்பது என் கருத்து. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். கடைமடை ஊர்க்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும். உங்கள் லீக்கில் கடைசியில் ஓட்டுபவர் சொல்வதையும் முதலிடத்தில் ஓட்டுபவர் சொல்வதுபோலவே கேளுங்கள்.

படி 4: மோதிய நொடியோடு வீடியோவை வெட்டுங்கள்

மற்ற இரண்டு நடுவர்களுக்கும் நான் அனுப்பும் வீடியோ மோதிய இடத்தோடு முடியும். கார் எத்தனை உருண்டது, யாருக்கு எத்தனை புள்ளி போயிற்று என்பதை அவர்கள் பார்க்கக் கூடாது. 2021 சில்வர்ஸ்டோன் பார்முலா 1 ஓட்டத்தில் ஹாமில்டன் கார் பட்டு வெர்ஸ்டாப்பன் 51 ஜி (புவியீர்ப்பைப் போல 51 மடங்கு) விசையோடு தடுப்பில் மோதினார். ஹாமில்டன்மேல்தான் பெரும்பங்கு தவறு என்று சொன்ன நடுவர்கள் கொடுத்தது 10 நொடி. அதையும் தாங்கி ஹாமில்டன் ஓட்டத்தை வென்றார். இன்றைக்கும் பலருக்கு அது ஆறவில்லை. ஆனால் சிறு தவறு பெரிய விபத்தில் முடியலாம், பெரிய தவறு கீறல்கூட இல்லாமல் தப்பலாம். எடைபோட வேண்டியது செய்த செயலை.

மூன்று பேரும் தனித்தனியே எழுதி அனுப்பிய பிறகே பேச வேண்டும். முதலில் பேசினால் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதே தீர்ப்பாகிவிடும்.

படி 5: தண்டனை

எங்களிடம் மூன்றே அளவு: 5 நொடி, 10 நொடி, அடுத்த ஓட்டத்தில் டிரைவ்-த்ரூ. இடித்தவர் தானாகவே நின்று இடத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் ஒரு படி குறைப்போம். கூடவே தண்டனைப் புள்ளிகளும் உண்டு. பார்முலா 1-இல் 2014 முதல், 12 மாதத்தில் 12 புள்ளி சேர்ந்தால் ஒரு ஓட்டம் தடை. அப்படி முதலில் தடை வாங்கியவர் 2024-இல் கெவின் மேக்னசன். பதினாறு பேர் ஓட்டும் லீக்குக்கு 6 புள்ளியே சரியான எல்லை என்று கண்டோம்.

சேர்த்தது: இரண்டு பேர்மேலும் தவறு இருந்தால் என்ன செய்வது என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். ஒருவர்மேல் முழுதாகவோ பெரும்பகுதியாகவோ தவறு என்று சொல்ல முடியாவிட்டால் தண்டனை வேண்டாம். பந்தயச் சம்பவம் என்று எழுதி மூடிவிடுங்கள். பாதிப் பாதி தண்டனை கொடுத்துப் பார்த்தோம், இருவருமே கோபித்துக்கொண்டார்கள்.

மறுபடி சேர்த்தது: ஐப்பசி மழையில் கரண்ட் போய், கார் மறைந்து, நடுத்தடத்தில் திரும்பத் தோன்றினால் யார் பொறுப்பு என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, என் விதியில் அது இல்லவே இல்லை. இப்போது சேர்த்துவிட்டேன்: இணைப்பு அறுந்து வந்தவர்மேல் தவறு சுமத்துவதில்லை. ஆனால் ஒரே ஓட்டத்தில் இரண்டாவது தடவை அறுந்தால் அவர் பிட்டுக்குள் போய் நிறுத்திக்கொள்ள வேண்டும். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கிப் போடுங்கள். எங்களில் ஒன்பது பேர் போட்டபிறகு இந்த வகைப் புகார் ஒன்றுகூட வரவில்லை.