சாரத்தைப் பார்த்துச் சேலை எடுக்காதீர்கள்: துணிக்கடை கவுண்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு முன்பே எங்கள் குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் துணிக்கடைகளில் புது ஆள் எடுத்துவிடுவார்கள். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள்தான் அதிகம். மூன்றாம் நாளே சேலை மடிக்கப் படித்துவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் ரகம் பிடிபட்டுவிடுகிறது. கூடவே இன்னொன்றும் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒருவர் படியேறும்போதே அவர் மடியில் எவ்வளவு இருக்கும் என்று உடுப்பை வைத்துக் கணக்குப் போடுவது. பழைய ஆட்களாகிய எங்களிடம் இருந்த அதே பிழை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே தலைமுறை தலைமுறையாகக் கவுண்டரில் இறங்குகிறது.

போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, வந்தவரை 'வாங்க' என்று கூப்பிடு என்பதையெல்லாம் சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிடுவார். அதை விட்டுவிடலாம்.

கேட்காத விலையைச் சொல்வது

பகல் பதினொன்றரை. ஒருவர் வருகிறார். கட்டம் போட்ட சாரம் (லுங்கி), காலர் நைந்த சட்டை, தோளில் துவர்த்து (துண்டு). சட்டையின் வயிற்றுப் பக்கம் கறுத்த திட்டுகள். "சேல ஒண்ணு பாக்கணும்" என்கிறார். கவுண்டர் பையன் கையை நீட்டி, "ஐந்நூறு ரூவா ரகம் அந்தப் பக்கம் அண்ணாச்சி" என்கிறான். மரியாதை கெட்ட சொல் ஒன்றுகூட இல்லை. 'அண்ணாச்சி' வேறு போட்டிருக்கிறான். ஆனால் அவர் விலை கேட்கவே இல்லை. இவனாகச் சொல்லிவிட்டான். அவர் அந்தப் பக்கம் போய் இரண்டு சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொறவு வாறேன்" என்று இறங்கிப் போகிறார்.

அவர் அன்றைக்குச் சேலை எடுக்க வந்தவரே இல்லை. மகள் கல்யாணத்துக்கு எந்தக் கடைக்குப் போகலாம் என்று பார்க்க வந்தவர். நம் பக்கம் கல்யாணத் துணி பல வீடுகளில் இரண்டு நடையாக நடக்கும். முதல் நடையில், பேங்குக்கோ ரப்பர் ஷீட் கடைக்கோ தாலுகா ஆபீசுக்கோ வந்தவர், வந்த கோலத்திலேயே ஏறிப் பார்ப்பார். இரண்டாம் நடையில் வேன் பிடித்துக் குடும்பமாக வருவார்கள். அன்றைக்கு எல்லோர் உடுப்பும் நன்றாக இருக்கும், கடையும் எழுந்து நின்று வரவேற்கும். ஆனால் எந்தக் கடை என்பது முதல் நடையிலேயே முடிவாகிவிடுகிறது.

போனது எவ்வளவு என்று ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முகூர்த்தப் பட்டு 25,000. நிச்சயத்துக்கும் இரண்டு அம்மாமாருக்குமாக மூன்று பட்டு, 10,000 வீதம் 30,000. சொந்தக்காரப் பெண்களுக்கு 12 சேலை, 1,500 வீதம் 18,000. ஆண்களுக்கு வேட்டி சட்டை 10 செட், 1,800 வீதம் 18,000. மொத்தம் 91,000 ரூபாய். ஐந்நூறு ரூபாய் ரகத்தைக் காட்டிய அந்த ஒரு கை நீட்டலில் இவ்வளவும் அடுத்த கடைக்குப் போய்விட்டது. அதோடு நிற்காது. அடுத்த கல்யாணம் வைத்திருக்கும் மச்சினனிடம் அவர் கடைப் பெயரைச் சொல்லமாட்டார். இந்த இழப்பு எந்த ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் வராது. அதனால்தான் முதலாளிகளும் கண்டுகொள்வதில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

பணம் மட்டும் இதில் போவதில்லை. உடுப்பை வைத்து ஆளை அளப்பது இந்த மண்ணில் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் பெண்கள் உள்ளிட்டோர் மார்பை மறைக்கத் தடை. செருப்பு, குடை, பொன் நகை எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் மார்பை மறைக்கும் தோள்சீலைக்காக அடிபட்டவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்றைக்கு நம் கடைப் படியேறுகிறார்கள். 1859-ல் அரசு இறங்கி வந்து அனுமதித்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தே அனுமதித்தது. அப்படிப்பட்ட ஊரில், "உனக்கு இந்தத் துணி போதும்" என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு கை நீண்டால் அது வெறும் வியாபாரப் பிழையாக எடுத்துக்கொள்ளப்படாது. வந்தவர் சண்டை போடமாட்டார். திரும்பவும் வரமாட்டார், அவ்வளவுதான்.

இனி அந்தக் கறுத்த திட்டு. அது அழுக்கு இல்லை, வாழைக்கறை. குலை வெட்டும்போது தெறிக்கிற பால் துணியில் காய்ந்து பழுப்பாகிக் கறுத்துவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. ரப்பர் பால் பட்ட இடம் காய்ந்து விறைத்துக் கையில் தோல் மாதிரி உரியும், கூடவே ஷீட்டின் புளித்த வாடை இருக்கும். டீசலும் மீன் செதிலும் என்றால் படகு. செம்மண் பிசின் மாதிரி ஒட்டியிருந்தால் செங்கல் சூளை. இந்தக் கறைகள் ஒருவர் என்ன வேலையிலிருந்து எழுந்து வந்தார் என்பதைச் சொல்லும். அந்த வேலையில் அவர் கூலியா முதலாளியா என்பதைச் சொல்லாது. நம் மாவட்டத்தில் சிறு ரப்பர் தோட்டக்காரர்களில் பலர் தாங்களே விடியற்காலையில் பால் வெட்டி, ஷீட் அடித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் டவுனுக்குக் கிளம்புகிறார்கள். பதினொரு மணிக்கு மேல் அந்த வாடையோடு வருபவர் தோட்டத்துக்கு உடைமைக்காரராகவே இருக்கலாம். தோப்புக்காரருக்கும் குலை சுமப்பவருக்கும் கறை ஒன்றுதான்.

'இனி உடுப்பைப் பார்க்கமாட்டேன்' என்று மனதில் உறுதி எடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தி 2019-ல் வெளியிட்டார்கள். ஒரே முகத்தைக் கொஞ்சம் வசதியாகத் தெரிகிற மேலுடுப்போடும் கொஞ்சம் எளிய மேலுடுப்போடும் காட்டி, இவர் எவ்வளவு திறமையானவர் என்று கேட்டார்கள். வசதியான உடுப்புக்கே கூடுதல் மதிப்பு விழுந்தது. படத்தை 129 மில்லி செகண்ட், அதாவது கண் இமைக்கிற நேரம் மட்டும் காட்டியபோதும் அதே முடிவு. உடுப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னபோதும், சரியாக மதிப்பிட்டால் பரிசுப் பணம் உண்டு என்றபோதும் அது மாறவில்லை. பணம் தருகிறோம் என்றே நிற்காத ஒன்று, சூப்பர்வைசர் திட்டுவதால் நிற்குமா? எனவே மனதைத் திருத்த முயன்று நேரத்தைக் கழிக்காதீர்கள். கையைத் திருத்துங்கள். யார் வந்தாலும் கை ஒரே வரிசையில் வேலை செய்யட்டும்.

அந்த வரிசை இதுதான். முதல் கேள்வி, "என்ன பாக்கணும்?" அவர் சேலை என்றால், "யாருக்கு, என்னைக்கு உடுக்கணும்?" 'பட்ஜெட் எவ்வளவு?' என்ற கேள்வி முதல் ஐந்து நிமிடத்துக்கு வேண்டாம். கல்யாணம் என்றால் மூன்று சேலை எடுத்துப் போடுங்கள், முதலில் நடு விலை. உங்கள் கடையில் கல்யாணப் பட்டு 6,000-லிருந்து 25,000 வரை என்றால் 12,000 பக்கம் ஒன்று. பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று. மூன்றும் ஒரே பாயில், விலைச் சீட்டு மேலே தெரியும்படி. விரித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். குறிப்பாக, "இது வெல கூடுதலாக்கும்" என்று எச்சரிக்காதீர்கள். சீட்டைப் படிக்க அவருக்குத் தெரியும்.

அதன் பிறகு அவர் கையைப் பாருங்கள். முந்தியைத் திருப்பி உள்பக்க நூலைப் பார்க்கிறாரா, பார்டரும் உடலும் சேருகிற கோர்வை இடத்தை விரலால் தடவுகிறாரா, சேலையைத் தூக்கி எடை பார்க்கிறாரா, அசல் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் சீட்டைத் தேடுகிறாரா? பட்டு தெரிந்தவர் இதில் ஒன்றையாவது செய்வார். கை எந்தச் சேலையில் தங்குகிறதோ, அந்த விலைக்கு இரண்டு பக்கமும் அடுத்த மூன்றை எடுங்கள். மொத்தம் ஆகிற நேரம் நான்கு நிமிடம். சாரத்தில் வந்தவருக்கும் காரில் வந்தவருக்கும் அதே நான்கு நிமிடம்.

வெள்ளையும் சொள்ளையுமாக வந்தால் வசதி என்று நினைப்பது

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்பதற்கு நம் ஊரில் 'இன்றைக்கு ஓர் இடத்துக்குக் கிளம்பியிருக்கிறேன்' என்று மட்டும்தான் பொருள். கோவில், கிறிஸ்தவ ஆலயம், கட்சிக் கூட்டம், பத்திர ஆபீஸ், துட்டி (சாவு) வீடு. நிலம் விற்பவரும் வாங்குபவரும் புரோக்கரும் ஒரே வெள்ளையில்தான் வருவார்கள்.

செருப்பைப் பார்ப்பது

தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம். தோல் செருப்பு பூஞ்சை பிடிக்கும். எல்லோர் காலிலும் ரப்பர்தான்.

வெறும் கழுத்தைப் பார்த்து முடிவு கட்டுவது

இதில் பெண் ஊழியர்களே அதிகம் தவறுகிறார்கள். கழுத்தில் காதில் ஒன்றும் இல்லாத அம்மா வந்தால், நகை அடகில் இருக்கிறது என்று தாங்களே ஒரு கதை கட்டிக்கொள்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்த பலர் விசுவாசத்தின்படியே பொன் அணிவதில்லை. உடுப்பும் எளிமையாக இருக்கும். அதே சமயம் துணியின் தரம் பார்ப்பதில் அவர்களை ஏமாற்ற முடியாது. பஸ்ஸில் வருகிற பெண்கள் சங்கிலியைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்து வீட்டில் வைத்துவிட்டும் வருவதுண்டு. இன்னொரு பக்கம், கழுத்து நிறைய மின்னுவது கவரிங்காக இருக்கலாம். இரண்டிலும் நீங்கள் படிக்க ஒன்றுமில்லை.

கார்த்திகை ஒன்று முதல் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக வருகிறவர்களும் இப்படித்தான். மாலை போட்ட டாக்டருக்கும் மாலை போட்ட கொத்தனாருக்கும் உடுப்பில் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் தெரியக் கூடாது என்பதற்காகவே உள்ள விரதம் அது.

கடற்கரைக்காரரைக் காக்க வைப்பது

தூத்தூர், குளச்சல் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டுக் கரையில் சில நாள் மட்டுமே இருப்பார்கள். ஒரே வருகையில் வீட்டுக்கு முழுவதும் எடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். வெயிலில் வெளுத்த சட்டையைப் பார்த்து, "கொஞ்சம் இருங்க" என்று உட்கார வைத்தால் எழுந்து போய்விடுவார்கள். பாலிதீன் கவரிலிருந்து கட்டுப் பணத்தை எடுத்தால் ஆச்சரியமாகப் பார்க்காதீர்கள். பில் 2 லட்சத்தைத் தொட்டால் அவ்வளவையும் ரொக்கமாக வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்பதை மட்டும் பணிவாகச் சொல்லுங்கள். அதைக் கோட்டு போட்டவரிடமும் சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். கை இறுகியிருக்கும். அந்த மாதங்களில் பார்த்துவிட்டு மட்டும் போகிறவரை நன்றாக நடத்துங்கள்.

நல்ல உடுப்பை நம்பிப் பொருளைக் கொடுத்துவிடுவது

முதல் தவறின் மறுபக்கம். இஸ்திரி மடிப்பு குலையாத சட்டை, கையில் பெரிய வாட்ச், சென்ட் வாசனை. "பணம் அனுப்பியாச்சு" என்று போனைத் திருப்பிக் காட்டுவார். பச்சை டிக் தெரியும். அவர் போனில் தெரிவது ரசீது ஆகாது, அப்படி ஒரு படத்தை யாரும் செய்துவிடலாம். கடையின் ஸ்பீக்கர் தொகையைச் சொல்ல வேண்டும், அல்லது கடையின் போனில் வரவு தெரிய வேண்டும். அதுவரை பை கவுண்டருக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும். 'இவரைப் போய் சந்தேகப்படுவதா' என்ற கூச்சம் வருகிறதே, அந்தக் கூச்சத்தை உண்டாக்குவதற்குத்தான் அந்தச் சட்டை.

யார் பணம் கொடுப்பார் என்று உடுப்பை வைத்துத் தேடுவது

நன்றாக உடுத்திய இளவட்டத்திடமே பேசிக்கொண்டிருக்காதீர்கள். கசங்கிய பருத்திச் சேலையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிற அம்மாவின் மடியில்தான் பர்ஸ் இருக்கும். பாயை அவர் பார்க்கும்படி போடுங்கள்.

"என்ன விசேஷம்?" என்று சிரித்துக் கேட்பது

வெள்ளை வேட்டியில் ஒருவர் தனியாக வேகமாக வருகிறார். நல்ல உடுப்பு, கல்யாண வீட்டு ஆள் என்று நினைத்து இந்தக் கேள்வியைப் போட்டுவிடுகிறார்கள். அவர் இறந்தவருக்குப் போர்த்தும் கோடித் துணி எடுக்க வந்தவராக இருப்பார். முதல் கேள்வி 'என்ன பாக்கணும்' என்று இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோடி என்று தெரிந்த நொடியில் மற்ற வேலையை விட்டுவிட்டு, கேட்டதை மட்டும் எடுங்கள். மூன்று ரகம் விரிக்க வேண்டாம். மணமக்கள் படம் போட்ட கடைப் பையில் போடாமல் வெறும் தாளில் சுற்றுங்கள். பில் கொடுக்கும்போது வாய்ப்பழக்கத்தில் "மறுபடியும் வாங்க" என்று சொல்லிவிடாதீர்கள்.