ஒயினில் சல்பைட் அளக்கும் முறை: காற்றூட்டமும் அயோடினும்

ஒயினில் சல்பைட் எவ்வளவு என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. சல்பைட்டைச் சல்பர் டை ஆக்சைடாகவே கணக்கிடுகிறோம். சேர்த்த சல்பர் டை ஆக்சைடில் ஒரு பகுதி அசிட்டால்டிஹைடு, சர்க்கரை, சிவப்பு ஒயினின் ஆந்தோசயனின் நிறமி ஆகியவற்றோடு பிணைந்துவிடும். மீதி தனித்து நிற்கும். ஒயினைக் கெடாமல் காப்பது பெரும்பாலும் தனித்த பங்குதான். சட்டம் பார்ப்பதோ மொத்தத்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சர்க்கரை குறைந்த சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மி.கி., வெள்ளைக்கு 200 மி.கி. என்பது பொது வரம்பு. 10 மி.கி.யைத் தாண்டினாலே லேபிளில் குறிப்பிட வேண்டும். எந்த எண் வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

புட்டியைத் திறந்ததும் தனித்த பங்கை முதலில் அளந்துவிட வேண்டும். குலுக்கக் கூடாது. பிப்பெட்டின் நுனியை ஒயினுக்குள் ஆழமாக இறக்கி உறிஞ்சுங்கள். பாதி காலியான புட்டியில் மறுநாள் எடுக்கும் அளவை நம்ப முடியாது.

நம்பகமானது காற்றூட்ட முறை. அமிலம் சேர்த்த ஒயின் வழியாகக் காற்றை இழுத்தால், வெளியேறும் சல்பர் டை ஆக்சைடு ஹைட்ரஜன் பெராக்சைடில் சிக்கிக் கந்தக அமிலமாக மாறும். அந்த அமிலத்தைக் காரத்தால் தரம் பார்க்கிறோம், அதாவது அதை நடுநிலையாக்க எவ்வளவு காரம் செலவாகிறது என்று அளக்கிறோம்.

முதலில் பொறியை, அதாவது வெளியேறும் வாயுவைப் பிடிக்கும் பெராக்சைடுக் கலத்தைத் தயார் செய்யுங்கள். 0.3% பெராக்சைடு 10 மி.லி. எடுத்து, மெத்தில் சிவப்பும் மெத்திலீன் நீலமும் கலந்த நிலைகாட்டியில் மூன்று சொட்டு விடுங்கள். ஊதா நிறம் வரும். 0.01 நார்மல் (நார்மல் என்பது கரைசலின் செறிவு அலகு) சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் பச்சைக்குத் திரும்பியதும் நிறுத்துங்கள். பெராக்சைடிலேயே கொஞ்சம் அமிலம் இருக்கும் என்பதால் இந்தப் படியை விட்டால் விடை கூடிப்போகும். 3% கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து அன்றன்றே தயாரித்துக்கொள்ளுங்கள்.

உருண்டைக் குடுவையில் 20 மி.லி. ஒயின் விட்டு, பனிக்கட்டி நீரில் அமர்த்துங்கள். 25% பாஸ்பாரிக் அமிலம் 10 மி.லி. சேர்த்த உடனே மூடி, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் 15 நிமிடம் காற்றை இழுங்கள். பிறகு பொறியைக் கழற்றி, பழைய பச்சை நிறம் வரும்வரை 0.01 நார்மல் காரத்தால் தரம் பாருங்கள். செலவான மி.லி.யை 16 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மி.கி. எனத் தனித்த பங்கு கிடைக்கும். 1.9 மி.லி. செலவானால் 30.4. இவ்வளவு சிறிய கன அளவுக்கு 50 மி.லி. பியூரெட் பொருந்தாது; 0.02 மி.லி. பிரிவுள்ள சிறியதை எடுங்கள்.

பிணைந்த பங்குக்கு அதே குடுவை போதும். பொறியில் புதுப் பெராக்சைடு மாற்றி, பனிக்கட்டியை அகற்றி, ஒயின் மெல்லக் கொதிக்கும்படி சூடேற்றி இன்னொரு 15 நிமிடம் இழுங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்தம். கொதிக்கும்போது, குடுவைக்கும் பொறிக்கும் இடையே ஆவியைக் குளிர்விக்கும் குளிர்விப்பானில் நீர் நன்றாக ஓட வேண்டும். வெதுவெதுப்பாகிவிட்டால் அசிட்டிக் அமிலம் கடந்து சென்று பொறியில் சேர்ந்து விடையை உயர்த்திவிடும். தனித்த பங்கு அளக்கும்போது பனிக்கட்டி குறைந்தால் பிணைப்பு அவிழ்ந்து அங்கேயும் விடை கூடும்.

விடை குறைந்தால் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான் காரணம். உறிஞ்சும் அமைப்பில் இணைப்பு தளர்ந்தால் காற்று ஒயினைத் தொடாமல் நேரே பொறிக்குப் போய்விடும். குமிழி வருவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். காற்று நுழையும் குழாயை விரலால் அடைத்துப் பாருங்கள். சில நொடிகளில் பொறியில் குமிழி நிற்க வேண்டும்.

ரிப்பர் முறை எனப்படும் அயோடின் தரம்பார்த்தல் சில நிமிடங்களில் முடியும். 25 மி.லி. ஒயினில் 5 மி.லி. கந்தக அமிலம் (ஒரு பங்கு அமிலம், மூன்று பங்கு நீர், அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும்), கொஞ்சம் ஸ்டார்ச் கரைசல் சேர்த்து, 0.02 நார்மல் அயோடினை விரைவாக விடுங்கள். நீல நிறம் சுமார் 20 நொடி நின்றால் போதும். மங்க மங்கச் சொட்டிக்கொண்டே போனால் பிணைந்த பங்கும் அவிழ்ந்து கணக்கில் ஏறிவிடும். மி.லி.யை 25.6 ஆல் பெருக்குங்கள். மொத்தத்துக்கு, 25 மி.லி. ஒயினுடன் 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மி.லி. கலந்து மூடி 10 நிமிடம் வைத்து, 10 மி.லி. அமிலம் சேர்த்து அதேபோலத் தரம் பாருங்கள்.

வெள்ளை ஒயினை அன்றாடம் சரிபார்க்க இது போதும். சிவப்புக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்: நிறம் முடிவுநிலையை மறைக்கும், ஃபீனால்கள் அயோடினைத் தின்னும், அமிலம் பட்டதும் ஆந்தோசயனின் பிடித்திருந்ததை விட்டுவிடும். அஸ்கார்பிக் அமிலம் சேர்த்த ஒயினிலும் விடை கூடும். அதன் ஒவ்வொரு மி.கி.யும் 0.36 மி.கி. சல்பர் டை ஆக்சைடாகக் கணக்கில் ஏறும். காற்றூட்ட முறைக்கு இந்தத் தொல்லை இல்லை.

தனித்த பங்கு கிடைத்ததும் அமிலத்தன்மையையும் (பிஎச்) சேர்த்துப் பாருங்கள். நுண்ணுயிரை அடக்குவது தனித்த பங்கில் அயனியாகப் பிரியாமல் இருக்கும் மூலக்கூறு வடிவம். தனித்த அளவை, 1 + 10^(பிஎச் − 1.81) என்பதால் வகுத்தால் அது கிடைக்கும். தனித்தது 30 மி.கி. இருந்தாலும், பிஎச் 3.2இல் மூலக்கூறு வடிவம் சுமார் 1.2 மி.கி., 3.6இல் வெறும் 0.5 மி.கி.

அமைப்பு சரியா என்று அறிய, 0.174 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டை ஒரு லிட்டர் நீரில் கரைத்து உடனே பயன்படுத்துங்கள். இதில் லிட்டருக்கு 100 மி.கி. சல்பர் டை ஆக்சைடு இருக்கும். காற்றூட்ட முறையில் 6.25 மி.லி. காரமும், 25 மி.லி.க்கு 3.9 மி.லி. அயோடினும் செலவாக வேண்டும். இரண்டும் ஒரே அளவில் குறைந்தால் உப்பு பழையது. காற்றூட்டம் மட்டும் குறைந்தால் இணைப்புகளில் கசிவைத் தேடுங்கள். அயோடின் மட்டும் கூடுதலாகச் செலவானால் அந்தக் கரைசல் வலுவிழந்துவிட்டது. தயோசல்பேட்டால் அதை மீண்டும் தரப்படுத்தி, பழுப்புப் புட்டியில் வையுங்கள்.