நூறு ஆட்டம் ஓட்ட நினைக்கிற பாட்டு நாடகத்துக்கு போஸ்டர் போடுவது எப்படி?

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் புதிதாக நாடகக் குழு தொடங்கும் பிள்ளைகள் முதல் ஆட்டத்தின் போஸ்டருக்குத்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பத்தாவது ஆட்டத்துக்கு எதை ஒட்டுவது? அதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.

1. வகையைச் சொல்லுங்கள்

தலைப்புக்குக் கீழே ஒரே வரி போதும். வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை என்ற பழைய நாடகக் கொட்டகை இருந்த பகுதி இது. 'இசை நாடகம்' என்று போட்டால் பெரியவர்கள் ஆர்மோனியமும் ராஜபார்ட்டும் (கதாநாயக வேடம்) எதிர்பார்த்து வருவார்கள். உங்களிடம் இருப்பது கானாவும் பறையும் என்றால் 'கானா பாட்டு நாடகம்' என்றே போடுங்கள். நடுவில் இரண்டு ஜோக் இருப்பதால் 'முழுநீள காமெடி' ஆகிவிடாது. ஒருமுறை வைத்த வகையைப் பாதியில் மாற்றாதீர்கள்.

2. ஒரே படம்

1981இல் லண்டனில் தொடங்கிய 'கேட்ஸ்' நாடகத்தின் போஸ்டரில் கறுப்புப் பின்னணியில் இரண்டு மஞ்சள் கண்கள், கண்மணிக்குள் ஆடும் உருவம், அவ்வளவுதான். நடிகர் முகமே இல்லை. பல வருஷம் ஓடும்போது நடிகர்கள் மாறுவார்கள், படம் மாறாது.

ஆட்டத்துக்கு ஆட்டம் நடிகர்களைத் தனித்தனியாக அமர்த்தும் நம் ஸ்பெஷல் நாடக நோட்டீஸில் வரிசையாக முகங்கள் இருக்கும். அங்கே அது சரி. இன்றைக்கு யார் பாடுகிறார் என்று பார்த்துத்தான் கூட்டமே வரும். நீங்களும் அப்படி அடித்தால், ராஜபார்ட் தம்பிக்கு துபாயில் வேலை கிடைத்த அன்று அத்தனை போஸ்டரும் வீண்.

3. ஸ்லிப்புக்கு இடம் விடுங்கள்

அடியில் நாலு விரல் அகலம் காலியாக இருக்கட்டும். இனி மாறுவது அங்கே ஒட்டும் ஸ்லிப் மட்டுமே.

முதலில் தேதி, நேரம், இடம். அடுத்து பார்த்தவர் சொன்ன ஒரு வரி. 1985இல் லண்டனில் 'லே மிசராப்ல' பாட்டு நாடகத்தை விமர்சகர்கள் பலர் கிழித்தார்கள். பார்த்த ஜனங்களின் வாய்ப்பேச்சுதான் அரங்கை நிரப்பியது. ஆனால் "பாட்டு நல்லா இருந்துச்சு, கதைதான் இழுவை" என்றவரின் வாக்கியத்தைப் பாதியில் வெட்டி ஒட்டாதீர்கள். அவரும் அதே தெருவில்தான் நடக்கிறார்.

அதற்குப் பிறகு எண்ணிக்கை. சினிமா பழக்கத்தில் '50வது நாள்' என்று போட்டுவிடுகிறோம். ஞாயிறு மட்டும் நடத்தினால் அதற்குள் எட்டு ஆட்டம்தான் இருக்கும்! நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் வழக்கமாக வாரத்துக்கு 8 ஆட்டம். அங்கேயும் ஆட்டத்தைத்தான் எண்ணுகிறார்கள். 1988 முதல் 2023 வரை ஓடிய 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா'வின் கணக்கு 13,981.

ஒட்டும்போது டீக்கடை, சலூன்காரரைக் கேட்டு ஒட்டுங்கள். மேம்பாலத் தூண் வேண்டாம்.

4. கூட்டம் குறைந்தால்

1996இல் பிராட்வேக்குத் திரும்பி வந்த 'சிகாகோ' நாடகக் குழு செய்வது இதுதான்: தெரிந்த முகம் ஒன்றைச் சில வாரங்களுக்கு முக்கிய வேடத்தில் இறக்குவது. உங்கள் பகுதி கானா பாடகரை இரண்டு ஞாயிறு அழையுங்கள். அவர் முகம் ஸ்லிப்பில் வரட்டும், போஸ்டரில் வேண்டாம்.

5. 'கடைசி' ஸ்லிப்

இதற்கு இருக்கும் பலம் வேறு எதற்கும் இல்லை. 2023 பிப்ரவரி 18இல் முடிகிறது என்று ஃபாண்டம் குழு 2022 செப்டம்பரில் அறிவித்ததும் டிக்கெட் பறந்தது. ஏப்ரல் 16 வரை நீட்டித்தார்கள். நீட்டிப்பு ஒருமுறை செல்லும். மூன்றாம் முறை 'கடைசி 3 ஆட்டம்' என்று ஒட்டினால் டீக்கடையிலேயே சிரிப்பார்கள். அதனால் கூடுதல் தேதி கிடைக்குமா என்று மண்டபத்துக்காரரிடம் கேட்டுவிட்டு அச்சகத்துக்குப் போங்கள்.