புயல் இல்லை என்றால் பயமில்லையா? கடலோரக் காற்று அறிவிப்பைப் படிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

ஐப்பசி பிறந்தால் போதும், தமிழகக் கடலோர ஊர்களில் ஒரே கேள்விதான்: "புயல் வருதா, இல்லையா?" இல்லை என்று பதில் வந்துவிட்டால் பாதிப் பேர் அறிவிப்பின் மீதியைப் படிப்பதே இல்லை. நான் பார்த்தவரை மற்ற தவறுகள் பலவும் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகின்றன.

புயல் என்பது காற்று ஒரு வேகத்தைத் தாண்டியதும் அதற்கு வைக்கப்படும் பெயர், அவ்வளவுதான். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி, சுழலில் வீசும் காற்று மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை இருந்தால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை என்றால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல். 61க்கும் 62க்கும் நடுவில் கடலில் எந்தச் சுவரும் கிடையாது. 61 கி.மீ. காற்றுக்கும் சின்னப் படகு கவிழும், தகரக் கூரை பிய்ந்துகொண்டு போகும், குலை தள்ளிய வாழை சாயும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் இதைக் கண்முன் காட்டியது. ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்று ஒரு கட்டத்தில் கணிக்கப்பட்டது, 29ஆம் தேதி புயலாக வலுத்து, 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. "புயல் இல்லையாம்" என்று முதல் நாள் ஆயத்தங்களை நிறுத்தியவர்களுக்கு மறுநாள் நேரம் போதவில்லை.

ஒக்கியை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது. 2017 நவம்பர் 29 அன்று அது இலங்கைக்கு அருகே ஒரு தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில் குமரிக்கடலில் புயல். அதற்குள் குமரி மாவட்டத்துப் படகுகள் பல, நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரையிலிருந்து செய்தி எட்டாத தொலைவு அது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்கள் அலட்சியமாகப் போனார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கரையில் இருக்கும் நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுதான்: நம் கரைக்குப் பக்கத்திலேயே உருவாகும் சுழல் வலுப்பெற ஒரு நாள் போதும். அதனால் தாழ்வு மண்டலத்துக்கும் முந்தைய நிலையான தாழ்வுப் பகுதி என்று அறிவிக்கும்போதே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

சரி, பெயரை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? எண்களை. மீனவர்களுக்கான எச்சரிக்கையில் இப்படி ஒரு வரி வரும்: "மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் வீசக்கூடும்." இதில் இரண்டு இடத்தில் தடுமாறுகிறோம். முதலாவது அந்தச் சூறாவளி என்ற சொல். அது பெரும்புயலைக் குறிக்கவில்லை, திடீர் திடீரென்று எழுந்து அடங்கும் பலத்த காற்றைத்தான் அறிவிப்பு அப்படிச் சொல்கிறது. சிலர் அந்தச் சொல்லைக் கேட்டுப் பதறுகிறார்கள். பலமுறை கேட்டுப் பழகியவர்களோ அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. இரண்டுமே தப்பு.

இரண்டாவது தடுமாற்றம்தான் பெரியது. 45 முதல் 55 என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, "இடையிடையே 65" என்பதைத் தாண்டிப் போய்விடுகிறோம். முதல் எண்கள் சராசரி. சுழலின் காற்றை நம் வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியாகக் கணக்கிடுகிறது. ஆனால் மரத்தை முறிப்பதும், பந்தலைத் தூக்குவதும், பைக்கில் போகிறவரைச் சாய்ப்பதும் சில நொடிகளே நீடிக்கும் அந்த இடையிடைக் காற்றுதான். கூரையைக் கட்டுவது, படகைக் கரையேற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி எண்ணையே கணக்கில் எடுக்க வேண்டும். அதோடு, வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். 45 கி.மீ. காற்றைத் தாங்கிய விளம்பரப் பலகை 65ஐயும் தாங்கிவிடும் என்று நினைக்கிறோம். அங்கே அழுத்தம் ஏற்கெனவே இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும்.

கைப்பேசிச் செயலியில் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில செயலிகள் காற்றை நாட் கணக்கில் காட்டும். ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கி.மீ. வேகம். திரையில் 40 என்று தெரிவது 40 கி.மீ. அல்ல, 74 கி.மீ. அந்த வேகத்துக்கு நம் துறை புயல் என்றே பெயர் வைத்திருக்கும்.

அடுத்தது, கரை கடக்கும் இடம். "ஆந்திராவுக்குப் போயிடுச்சாம்" என்ற செய்தி வந்ததும் ஊரே பெருமூச்சு விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் 5ஆம் தேதி பாபட்லா அருகே கரை கடந்தது. சென்னை மூழ்கியது அதற்கு முன்பே, 3, 4 தேதிகளில். புயல் நம் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. வரைபடத்தில் ஒரு புள்ளியும் ஒரு கோடும் போட்டிருப்பதால் புயல் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்று கண் நம்பிவிடுகிறது. கோடு மையத்தின் பாதை மட்டுமே. காற்றும் மழையும் மையத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் பரவிக் கிடக்கும்.

கரையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பவர்களின் நிம்மதியும் அப்படித்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. அதன் பிறகும் பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைத் தோப்புத் தோப்பாகச் சாய்த்துவிட்டுத்தான் போனது. காய்ப்புக்கு வந்த தென்னையை இழந்தவர், புதுக் கன்று வைத்துப் பழைய வருமானத்தைப் பார்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஃபெஞ்சலும் அப்படியே. கரை கடந்த புதுச்சேரிக்குப் பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியது, கடலே இல்லாத ஊத்தங்கரையில் அடுத்த நாள் 50 செ.மீ.

புயல் நேராக நம் ஊர் மேலேயே வந்தால் செய்யும் தவறு வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது நடுவில் காற்று அடங்கியது. அது புயலின் கண். கண் கடந்து போனதும் காற்று எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். முதல் காற்றில் ஒரு பக்கம் தளர்ந்த மரம் இரண்டாவதில் சாயும். திடீரென்று அமைதியானால் வெளியே போய்ப் படம் எடுப்பதும், மரக்கிளையை அப்புறப்படுத்துவதும், வண்டியை நகர்த்துவதும் அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். காற்று நின்றுவிட்டது என்பதை அறிவிப்பைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பருவத் தொடக்கத்தில் வெளியாகும் நீண்டகாலக் கணிப்பையும் நாம் தவறாகவே படிக்கிறோம். இயல்பை விடக் குறைவு என்றால் இந்த ஆண்டு பயமில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்துக்கு இயல்பை விட 62 விழுக்காடு குறைவு, கடும் வறட்சி ஆண்டு. வர்தா வந்ததும் அதே பருவத்தில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான மொத்த மழையைப் பற்றி, அதுவும் தென்னிந்தியாவின் ஐந்து உட்பிரிவுகளுக்கும் சேர்த்துச் சொல்லப்படும் கணிப்பு அது. உங்கள் ஊரில் ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை காற்று எப்படி இருக்கும் என்று அது சொல்வதே இல்லை.

புயல் எச்சரிக்கையாகத் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் போகும், அல்லது நேராக வருமா என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. 7இலிருந்து 5க்கு மாற்றினார்கள், ஆபத்து குறைந்துவிட்டது என்று சொல்வது சரியல்ல. 8, 9, 10 ஆகியவை பெரும் அபாயம். அங்கேயும் இதே கணக்குதான். அப்புறம், பத்து நாள் தள்ளி வரும் என்று ஒரு கணினிக் கணிப்பு காட்டும் சிவப்புச் சுழல் படத்தைப் பகிர வேண்டாம். கணினி அடுத்த முறை கணக்கிடும்போது அது வேறு கடலில் இருக்கும், சில நேரம் காணாமலே போயிருக்கும்.

பொங்கல் முடிந்தால் கடல் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் எப்போதும் அல்ல. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு தாழ்வு மண்டலம் இலங்கையைக் கடந்தது. டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் மழையில் சாய்ந்தது. சுழல் எதுவுமே இல்லாத மார்கழி, தை நாள்களிலும் வாடைக்காற்று வலுத்தால் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல் கொந்தளிக்கும். கரையில் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும், நாலு கடல்மைல் தாண்டினால் அலை வேறு மாதிரி இருக்கும்.

கடலுக்குப் போகிறவர் வீட்டில் யாராவது ஒருவர் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் மீனவர் எச்சரிக்கைப் பகுதியைத் தினமும் முழுதாகப் படிப்பது நல்லது. அதில் தேதி வாரியாக, கடற்பகுதி வாரியாகப் போட்டிருப்பார்கள். முதலில் அறிக்கையின் தேதியைப் பாருங்கள். போன வாரத்து அறிக்கை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு போகும் கடலின் பெயரைத் தேடுங்கள். கிளம்பும் நாளுக்கான வரியோடு நிறுத்திவிடாமல், படகு கடலில் இருக்கப்போகும் எல்லா நாள்களுக்கும், கரை திரும்பும் நாளுக்கும் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.