ஆய்வேட்டைப் புத்தகமாக்கும்போது

ஐரோப்பிய வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு ஆய்வேட்டை அப்படியே பதிப்பகத்துக்கு அனுப்பாதீர்கள். அது தேர்வாளர்களுக்காக எழுதியது. முந்தைய ஆய்வுகளை அலசும் அத்தியாயத்தை வெட்டி, தேவையானதை மட்டும் அடிக்குறிப்புக்குத் தள்ளுங்கள்.

முதலில் அனுப்ப வேண்டியது முன்மொழிவு: நூலின் வாதம், அத்தியாயச் சுருக்கங்கள், சொல் எண்ணிக்கை, ஒத்த நூல்கள், முடிக்கும் தேதி. கூடவே ஓரிரு மாதிரி அத்தியாயங்கள். 1683இல் நெதர்லாந்தின் லைடனில் தொடங்கிய பிரில் போன்ற பதிப்பகங்களில் தனித்தனி நூல்வரிசைகள் உண்டு. பொருந்தாத வரிசைக்குப் போனால் நல்ல நூலும், அதைப் படித்துப் பதிப்பகத்துக்குக் கருத்துச் சொல்லும் மதிப்பீட்டாளரை எட்டாமலே திரும்பிவிடும்.

மதிப்பீட்டறிக்கைகள் பெரும்பாலும் இரண்டு வரும். ஒன்றுக்கொன்று முரண்படவும் செய்யும். இரண்டுக்கும் தலையாட்டாமல், எதை ஏற்கிறீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று பதில் எழுதுங்கள்.

பலர் சறுக்குவது படங்களில்தான். ஓவியம் 17ஆம் நூற்றாண்டினதாக இருந்தாலும் அதன் நிழற்படத்துக்கு அருங்காட்சியகம் கட்டணம் கேட்கலாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை இலவசமாகவே தருகிறது. டச்சுக் கலை என்றால் அங்கே முதலில் தேடுங்கள். அச்சளவில் படத்தின் தெளிவு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்கட்டும். அனுமதி கேட்கும்போது அச்சு நூலோடு மின்னூலையும் சேர்த்துக் கேளுங்கள். விட்டால் இரண்டாம் முறை பணம் கட்ட நேரும்.