ஒளிர்ந்தது ஜீனா, லூசிஃபெரேஸா? ரிப்போர்ட்டர் ஜீன் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் போன வாரம் ஒளியை அளக்கும் லுமினோமீட்டரின் தாளை நீட்டி, "ஆறு மடங்கு ஏறியிருக்கு சார்!" என்றாள். அந்தப் பூரிப்பு எனக்குப் பழக்கமானது. பல வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு தாளோடு ஓடியிருக்கிறேன். அந்தத் தாள் என் நாலு மாதத்தைத் தின்றுவிட்டது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒரு ஜீன் எப்போது வேலை செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதை ஓடவைக்கும் டி.என்.ஏ. பகுதியான புரமோட்டருக்குப் பின்னால், சுலபமாக அளக்கக்கூடிய வேறொரு புரதத்தின் ஜீனை ஒட்டவைக்கிறோம். அதுதான் ரிப்போர்ட்டர் ஜீன். மின்மினியின் ஒளி தரும் நொதியான லூசிஃபெரேஸ், ஜெல்லிமீனின் பச்சையாக ஒளிரும் புரதமான ஜி.எஃப்.பி., ஈ. கோலை பாக்டீரியாவின் நிறம் தரும் ஜீனான லாக்-இசட் எல்லாம் இப்படி வந்தவைதான். புரமோட்டர் ஓடினால் ஒளியோ நிறமோ வரும்.

ஜீனைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிடை சீக்வென்ஸ் செய்து பார்க்காமல் விடுவது, சோதனைத் தட்டில் வெறும் பிளாஸ்மிட் போட்ட குழிகளை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யார் வேண்டுமானாலும் சொல்லித்தருவார்கள்.

ஒளி ஏறினால் ஜீன் விழித்துவிட்டது என்று நம்புவது

ஒரு புரமோட்டரைத் தூண்டும் சேர்மத்தைத் தேடிச் சில நூறு சேர்மங்களை மின்மினி லூசிஃபெரேஸ் வைத்துச் சலித்தோம். ஒன்று மட்டும் எகிறியது. டோஸ் கூடக் கூட ஒளியும் கூடியது. கடைசி இரண்டு புள்ளிகள் மட்டும் கீழே சரிந்திருந்தன. அதிக டோஸில் செல் சாகிறது போல என்று அவற்றை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டேன். செல் சாகவில்லை என்பதற்கான சோதனை முடிவு அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் இருந்தது! இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

ஒப்பீட்டுக்காகக் கூடவே வைத்திருந்த, ரெனில்லா என்ற கடல் உயிரியின் லூசிஃபெரேஸ் ஒளியால் வகுத்துப் பார்த்தேன், மடங்கு மாறவில்லை. மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அதே எண். அப்புறம் அந்தச் சேர்மத்தின் ஒன்றுவிட்ட உறவுகளையெல்லாம் தருவித்து நாலு மாதம் ஓட்டினேன். ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் சாவகாசமாகக் கேட்டார்: "எம்.ஆர்.என்.ஏ. ஏறுதா?" ஜீன் ஓடும்போது அதிலிருந்து எடுக்கப்படும் நகல்தான் எம்.ஆர்.என்.ஏ. அதை நான் அளந்தே பார்க்கவில்லை. அளந்தேன். துளிகூட ஏறவில்லை.

நடந்தது இதுதான். அந்தச் சேர்மம் லூசிஃபெரேஸின் தடுப்பான். தடுப்பான் என்றால் ஒளி குறையத்தானே வேண்டும்? அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். பாலூட்டிகளின் செல்லுக்குள் இந்த நொதி அதிக நேரம் நிலைக்காது. சுமார் 3 மணி நேரத்தில் பாதி சிதைந்துவிடும். தடுப்பான் நொதியின் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் அமைப்பு இறுகி, செல்லின் சிதைப்பு வேலைக்கு அது லேசில் சிக்காது. 24 மணி நேரம் ஊறவிட்டால் உற்பத்தி கூடாமலே நொதி குவிகிறது. பிறகு நாம் செல்லை உடைத்து, நொதி எரிக்கும் பொருளான லூசிஃபெரினையும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யையும் தாராளமாக ஊற்றுகிறோம். நீர்த்துப்போன தடுப்பான் இடத்தைக் காலி செய்கிறது. குவிந்ததெல்லாம் ஒரேயடியாக ஒளிர்கிறது. டோஸ் மிக அதிகமானால் காலி செய்ய முடியாமல் ஒளி சரியும். நான் தூக்கிப்போட்ட இரண்டு புள்ளிகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

ரெனில்லா ஏன் காப்பாற்றவில்லை? அது முற்றிலும் வேறு நொதி. அதன் உணவு சீலென்டராசின், ஏ.டி.பி. அதற்குத் தேவையே இல்லை. என் சேர்மம் அதைத் தொடவில்லை. ஆகவே வகுத்தபோது பொய் இன்னும் சுத்தமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். செல் எண்ணிக்கையும் பிளாஸ்மிட் நுழைந்த அளவும் குழிக்குக் குழி மாறுவதைச் சரிக்கட்டத்தான் அந்த வகுத்தல். இந்த நோய்க்கு அது மருந்தாகாது.

இது என் ஒருவனின் அசட்டுத்தனமும் இல்லை. அட்டாலூரன் என்ற பி.டி.சி.124 கதையைப் பாருங்கள். ஜீனின் நடுவே பாதியில் வந்துவிடும் நிறுத்தக் குறியைத் தாண்டிப் படிக்கவைக்கும் மருந்து அது என்று 2007-இல் அறிவிக்கப்பட்டது. அதைக் கண்டெடுத்தது நிறுத்தக் குறி செருகிய மின்மினி லூசிஃபெரேஸ் சோதனை. 2009-இல் டக்ளஸ் ஆல்டின் குழு, அந்தச் சேர்மம் லூசிஃபெரேஸையே பற்றிக்கொண்டு நிலைக்கவைக்கிறது என்றும், ரெனில்லாவை வைத்துச் செய்தால் விளைவைக் காணோம் என்றும் காட்டியது. அடுத்த ஆண்டு படிக அமைப்பும் வந்தது: லூசிஃபெரேஸே அந்தச் சேர்மத்தை ஏ.டி.பி.யின் துண்டான ஏ.எம்.பி.யோடு இணைத்துத் தனக்கே பூட்டுப் போட்டுக்கொள்கிறது! வேறு சோதனைகளில் விளைவு தெரிகிறது என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். 2014-இல் டூஷென் தசைச் சிதைவு நோய்க்கு ஐரோப்பாவில் நிபந்தனையோடு அனுமதியும் கிடைத்தது. வாதத்தில் யார் பக்கம் நின்றாலும், ஒளிர்ந்தது ஜீனா, லூசிஃபெரேஸா என்ற கேள்வியை முதல் வாரத்திலேயே கேட்டிருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

கேட்பது பெரிய வேலையில்லை. அதே லூசிஃபெரேஸைச் சம்பந்தமில்லாத, ஒரு வைரஸிலிருந்து எடுத்த சி.எம்.வி. புரமோட்டரின் கீழ் வைத்துப் பாருங்கள். அங்கும் ஒளி ஏறினால் சந்தேகப்படுங்கள். சுத்தமான நொதியோடு சேர்மத்தை நேரடியாகக் கலந்து பாருங்கள். ரிப்போர்ட்டரையே மாற்றிப் பாருங்கள். கடைசியில், செல்லின் சொந்த ஜீனுடைய எம்.ஆர்.என்.ஏ.வை அளந்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணின் ஆறு மடங்கு என்ன ஆனது? சி.எம்.வி. குழிகளில் ஐந்து மடங்கு ஏறியது. இரண்டு நாள் முகம் வாடியிருந்தாள். நாலு மாதத்துக்கு இரண்டு நாள் மலிவுதான்.

ஜீன் அணைவதைப் பார்க்க ஜி.எஃப்.பி.யைத் தேர்ந்தெடுப்பது

சாதாரண ஜி.எஃப்.பி. ஒரு நாளைக்கு மேலும் சிதையாமல் கிடக்கும். புரமோட்டர் காலையிலேயே நின்றிருக்கும். மாலையிலும் செல் பச்சையாகவே இருக்கும். சரியும் வேகத்தை அளந்ததாக நினைத்து, செல் பிரியும்போது புரதம் நீர்த்துப்போகும் வேகத்தை அளந்துகொண்டிருப்போம். எலியின் ஆர்னித்தின் டிகார்பாக்ஸிலேஸிலிருந்து எடுத்த, புரதத்தைச் சீக்கிரம் சிதையவைக்கும் பெஸ்ட் என்ற வால் துண்டை ஒட்டிய ஜி.எஃப்.பி. வகைகள் இருக்கின்றன. சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். பதிலுக்கு ஒளி மங்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஜி.எஃப்.பி.

ஒளிராது. லூசிஃபெரேஸுக்குத் தாவினாலும் தப்ப முடியாது. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும்.

நீலமெல்லாம் லாக்-இசட் என்பது

லாக்-இசட் தரும் நொதி பீட்டா-கேலக்டோசிடேஸ்; அது சோதனைச் சாயத்தை நீலமாக்கும். ஆனால் பாலூட்டிகளின் செல்லில், கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமுக்குள் சொந்த பீட்டா-கேலக்டோசிடேஸே இருக்கிறது. அமிலச் சூழலில் அது சுறுசுறுப்பாகும். பஃபரின் பி.எச். 6 பக்கம் இறங்கினால் மூப்படைந்த செல்களும் நீலமாகும். அதையே மூப்பின் அடையாளமாக வைத்துச் சோதிப்பவர்கள் உண்டு. லாக்-இசட் இல்லாத திசுவைப் பக்கத்திலேயே வைத்துச் சாயமேற்றாத படத்தை நான் பார்ப்பதில்லை. சிறுநீரகம், குடல் என்றால் இரண்டு மடங்கு சந்தேகம்.

எலியில் ஒளி குறைந்ததும் கட்டி சுருங்கியது என்று எழுதுவது

லூசிஃபெரேஸ் சுமந்த கட்டி ஒளிர லூசிஃபெரின் ஊசி வேண்டும். அதைப் போட்டு எத்தனை நிமிடத்தில் படமெடுத்தீர்கள்? கட்டியின் நடுவே ரத்தம் ஓடுகிறதா? அங்கே ஆக்சிஜன் இருக்கிறதா? ஹீமோகுளோபினும் கறுத்த ரோமமும் எவ்வளவு ஒளியை விழுங்கின? ரத்தக் குழாயை அடைக்கும் மருந்து கொடுத்தாலும் ஒளி குறையும்; லூசிஃபெரின் போய்ச் சேராததுதான் காரணமாக இருக்கும். கேலிப்பர் வைத்துக் கட்டியையும் அளந்துவிடுங்கள்.

ஏ.டி.பி. இல்லாவிட்டால் மின்மினி நொதி இருண்டுபோகும் என்பதையே பயனாக்கிக்கொண்டவர்களும் உண்டு. 1993-இல் லூசிஃபெரேஸ் ஜீனைச் சுமந்த வைரஸ்களைக் காசநோய்க் கிருமிக்குள் ஏற்றினார்கள். மருந்து வேலை செய்தால் கிருமி இருளும். மருந்தை எதிர்க்கும் கிருமி ஒளிர்ந்துகொண்டே இருக்கும்.

மனித உடலுக்கும் அதே ரிப்போர்ட்டர் என்று திட்டமிடுவது

நம் உடலின் ஆழத்திலிருந்து அந்த ஒளி வெளியே வராது. அங்கே பெட் ஸ்கேன்தான். ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் ஜீனைச் சுமந்த டி செல்கள் மூளைக் கட்டி நோயாளி ஒருவரின் உடலில் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதை 2009-இல் அப்படித்தான் படமெடுத்தார்கள். ஆனால் அது வைரஸ் புரதம். நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியன் என்று அடையாளம் காணலாம். இன்னொரு ரிப்போர்ட்டரான, அயோடைடைச் செல்லுக்குள் இழுக்கும் சோடியம்-அயோடைடு கடத்திப் புரதம் மனிதருடையதே, அந்தச் சிக்கல் குறைவு. அதற்குப் பதிலாகத் தைராய்டும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வயிறும் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். உங்கள் செல்கள் வயிற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் வேறு ரிப்போர்ட்டர் தேடுங்கள்.