சூடான எஃகை நசுக்கும்போது எதை முதலில் கவனிப்பது? உணர்திறன் கணக்கு, படிப்படியாக

மலேசியாவின் பிறைத் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு நாள் பிரஸ் திணறுகிறது, மறுநாள் எளிதாக அடிக்கிறது. எதைச் சரிசெய்வது?" சூடு, மசகு, வேகம், பில்லட்டின் (நசுக்கப்படும் எஃகுத் துண்டின்) விட்டம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதற்கு எவ்வளவு பங்கு என்று எண்ணால் காட்டுவதே உணர்திறன் பகுப்பாய்வு. ஓர் எக்செல் தாள் போதும், தொடங்கலாம்.

முதலில் அடிப்படைக் கணக்கு. 40 மி.மீ. விட்டமும் 60 மி.மீ. உயரமும் உள்ள எஃகு உருளையை 1100 டிகிரி செல்சியஸில் 30 மி.மீ. உயரத்துக்கு நசுக்குகிறோம். கனஅளவு மாறாது. ஆகவே பரப்பு இரட்டிப்பாகி 2513 சதுர மி.மீ. ஆகும், விட்டம் 56.6 மி.மீ. அந்தச் சூட்டில் உலோகம் காட்டும் எதிர்ப்பு, அதாவது பாய்வுத் தகைவு, 99 மெகாபாஸ்கல் என்றும் உராய்வுக் கெழு 0.3 என்றும் கொள்வோம். உராய்வுக் கெழுவை நசுக்கிய பின் உள்ள விட்டத்தால் பெருக்கி, நசுக்கிய பின் உள்ள உயரத்தின் மும்மடங்கால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள்: 1.19. தகைவு, பரப்பு, இந்த 1.19 மூன்றையும் பெருக்கினால் விசை 296 கிலோநியூட்டன், சுமார் 30 டன்.

அடுத்து, மற்றவற்றைத் தொடாமல் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உராய்வைப் பத்து சதவீதம் கூட்டினால் விசை 1.6 சதவீதமே கூடுகிறது. சூடு ஒரு டிகிரி குறைந்தால் தகைவு 0.3 சதவீதம் ஏறும் என்றும், உருமாறும் வேகத்தின் 0.15 அடுக்காகத் தகைவு மாறும் என்றும் எடுத்துக்கொண்டு அவற்றையும் போட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சூட்டையும் பத்து சதவீதம் மாற்றலாமே என்று தோன்றும். 1100 டிகிரி செல்சியஸில் பத்து சதவீதம் 110 டிகிரி; அதையே கெல்வினில் எழுதினால் 137 டிகிரி. அலகை மாற்றினால் விடையும் மாறுகிறது என்றால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. சதவீதத்தை விட்டுவிட்டு, பட்டறையில் ஒவ்வொன்றும் உண்மையில் எவ்வளவு அலைகிறது என்று அளந்து வாருங்கள். கணினியை விட்டு எழுந்து உலையடிக்குப் போக வேண்டிய படி இது. இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மாதக்கணக்கில் மசகை மாற்றி மாற்றிப் பார்த்தோம். உலையில் நின்ற அண்ணன்தான், "இடுக்கியில் எடுத்து அச்சில் வைப்பதற்குள் சில நேரம் பத்து வினாடி கூடிவிடுகிறது, தம்பி" என்றார். இந்த அளவு பில்லட் அந்தச் சூட்டில் கதிர்வீச்சால் மட்டுமே வினாடிக்கு 4 முதல் 5 டிகிரி வரை இழக்கிறது. பத்து வினாடிக்கு ஏறத்தாழ 50 டிகிரி! டிகிரிக்கு 0.3 சதவீதம் கூட்டுவட்டிபோல் பெருகுவதால், தாளில் போட்டால் விசை 16 சதவீதம் ஏறுகிறது. உராய்வு 0.3லிருந்து 0.4 ஆனாலும் 5 சதவீதம்தான். வேகம் இருபது சதவீதம் கூடினால் 3 சதவீதத்துக்கும் குறைவு. மசகில் நாங்கள் தேடியது அந்தச் சில அடி நடையில் இருந்தது.

பிறகு, பொருளை வலைபோலச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளுக்குப் போகலாம். அங்கே மாற்றத்தை மிகச் சிறிதாக வைக்காதீர்கள். உருமாற்றத்தின் நடுவே வலைப்பின்னல் புதிதாக அமைக்கப்படும்போது விசையில் எழும் சலசலப்பு, நீங்கள் தேடும் வேறுபாட்டை விழுங்கிவிடும். இரண்டு மூன்று அளவுகளில் மாற்றி, சரிவு (உள்ளீட்டு மாற்றத்துக்கு விசை மாறும் விகிதம்) ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொன்றாக மாற்றும் முறைக்குக் கூட்டு விளைவு தெரியாது. பிரஸ் மெதுவாக இறங்கினால் தகைவு குறையும் என்கிறது நம் தாள். ஆனால் அச்சு குளிர்ந்திருந்தால், மெதுவாக இறங்கும் நேரத்தில் பில்லட்டும் குளிர்ந்து விசை ஏறவும் கூடும். ஆகவே வேகத்துக்கு இரண்டு நிலை, அச்சுச் சூட்டுக்கு இரண்டு நிலை என நான்கு ஓட்டங்களையும் ஓட்டுங்கள். உள்ளீடுகள் பத்தைத் தாண்டினால் 1991இல் மோரிஸ் முன்வைத்த சல்லடை முறையால் (குறைந்த ஓட்டங்களில் பாதிப்பு குறைந்த உள்ளீடுகளைக் கண்டு கழிக்கும் முறை) முதலில் வடிகட்டி, மிஞ்சுவனவற்றுக்கு மட்டும் இந்தக் கூட்டு ஓட்டங்களைச் செய்யுங்கள்.